வளரும் குழந்தையின் கால்கள்: பாதம், முட்டி, இடுப்பு



குழந்தையின் கால் கோணலாக இருக்கிறது என்று பாட்டிமார் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதை நம்மில் பலரும் பார்த்திருப்போம். மெதுவாக நீவினால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கால் நேராவது எண்ணெயினால் அல்ல. கருப்பையில் மடங்கிக் கிடந்த கால்கள் பிறக்கும்போது வில்லைப்போல் வளைந்துதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் அவை நேராகிவிடும். அதன்பின் 3, 4 வயதில் இரண்டு முட்டிகளும் ஒன்றோடொன்று தட்டும். பெற்றோர் பயந்து ஓடி வருவது பெரும்பாலும் இந்த வயதில்தான். இதுவும் சுமார் 7 வயதுக்குள் தானே சரியாகும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு நாளுக்கு நாள் கூடினாலோ, குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் டி குறைவால் எலும்பு மெலியும் ரிக்கெட்ஸ் நோயும் அப்படித்தான் தலைகாட்டும்.

தட்டைப் பாதத்தைப் பற்றியும் அளவுக்கு மீறிய கவலை உண்டு. குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். உள்ளங்காலில் குழிவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் சிகிச்சை எதுவும் தேவையில்லை. நம் நாட்டில் 2300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும், வெறுங்காலில் நடந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே தட்டைப் பாதம் இருந்தது. விலையுயர்ந்த ‘ஸ்பெஷல்’ பூட்ஸ் வாங்கக் கடன்படுகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

காத்திருக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. அதுதான் கோணல் பாதம். மருத்துவர்கள் ‘கிளப் ஃபுட்’ என்பார்கள். பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலே தூக்கிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. ஆண் குழந்தைகளுக்கு அதிகம். கர்ப்பிணி கிரகணத்தன்று வெளியே வந்ததால் நேர்ந்தது என்று தாயின்மேல் பழி போடுவது நம் ஊர்களில் இன்னும் நிற்கவில்லை. அதில் உண்மை துளியும் இல்லை.

இந்தக் குறையைக் குறித்து வேலூரில் கற்ற பாடம் ஒன்று உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் பயிற்சி பெற்றபோது, கோணல் பாதத்தைக் கையால் பலமாக அழுத்தித் திருப்பும் முறையை அவர் கற்றார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபின், சிகிச்சையே பெறாமல் வளர்ந்தவர்களின் பாதங்களைக் கண்டார். அவை கோணலாக இருந்தும் தோலும் தசையும் மென்மையாக இருந்தன. பலவந்தமாகத் திருத்தப்பட்ட பாதங்களோ உள்ளே தழும்பேறி விறைத்துப் போயிருந்தன. ஆகவே முறையை மாற்றினார். பசியோடு இருக்கும் குழந்தையைத் தாய் கொண்டுவர வேண்டும். அது பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். குழந்தை பாலை விட்டுவிட்டு அழுதால், அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு தூரம் திருப்பலாம் என்பதற்குக் குழந்தையின் அழுகையே அளவுகோல்!

அதே 1914-இல் ஸ்பெயின் நாட்டில் பிறந்த டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி, அமெரிக்காவின் அயோவாவில் ஏறக்குறைய அதே காலத்தில் மென்மையான கை முறை ஒன்றை வகுத்தார். பல ஆண்டுகள் பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்றோ உலகெங்கும் அதுவே முதல் சிகிச்சை. பிறந்த சில வாரங்களில் தொடங்கி, வாரம் ஒருமுறை பாதத்தைச் சற்றே திருப்பி, தொடை வரை மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஐந்தாறு கட்டுகளில் பாதம் திரும்பிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரைச் சிறு கீறலால் தளர்த்தி, மூன்று வாரம் கடைசிக் கட்டுப் போடுவார்கள். கட்டுப் போட்டிருக்கும் நாட்களில் கால்விரல்கள் நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அதன்பின் வருவதே கடினமான கட்டம். ஒரு கம்பியில் இணைத்த இரண்டு பூட்ஸ்களை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கைந்து வயது வரை தூங்கும் நேரத்திலும் அணிய வேண்டும். இதை நிறுத்திவிட்டால் பாதம் பழையபடி திரும்பக்கூடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல், தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம். வீடு ஒரே அறை, பாட்டியோ சொந்த ஊரில். கணவர் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்க வேண்டும். பூட்ஸ் போட்டதும் குழந்தை அழுகிறது. கழற்றி வைத்தால் வீடு அமைதியாகிறது. எந்தத் தாய்தான் கழற்றாமல் இருப்பாள்? ஒப்பந்தத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் மாவுக்கட்டுக்கு வருவது ஒரு நாள் கூலி போவதாகும். பூட்ஸ் இலவசமாகக் கிடைத்தாலும் இந்தச் செலவு தீருவதில்லை. ஆகவே தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. தந்தைக்கும் பூட்ஸ் மாட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நம் எண்ணம். முதல் சில இரவுகள்தான் அழுகை. பிறகு பெரும்பாலான குழந்தைகள் பழகிக்கொள்கின்றன.

2013-இல் தொடங்கிய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். கோணல் பாதமும், பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறையும் அந்தப் பட்டியலில் உள்ளன. துணி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப்போல் விரியவில்லையா? ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா? உடனே காட்டுங்கள். நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைப்பது மூட்டுக்கு மிகவும் நல்லது. கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றி வைப்பதே தீங்கு.

வளர்ந்த பிள்ளைகளில் ஒரு ஏமாற்று உண்டு. இடுப்பு மூட்டில் நோய் இருக்கும், பிள்ளையோ ‘முட்டி வலிக்குது’ என்பான். முட்டியைப் படமெடுத்தால் ஒன்றும் தெரியாது. 4 முதல் 8 வயதில், எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் குறையும் ‘பெர்த்தெஸ்’ நோய் இப்படி வரும். கர்நாடகத்தின் தென்மேற்குக் கடற்கரையில் இது அதிகம். 10 வயதுக்கு மேல், குறிப்பாகப் பருமனான பிள்ளைகளில், அந்தப் பந்துமுனை தன் இடத்திலிருந்து வழுகிவிடலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டே வர வேண்டும். விளையாடும் பையனுக்கு முட்டியின் கீழ் எலும்பு புடைத்து வலிப்பதோ ஓய்வில் ஆறிவிடும். இரவில் மட்டும் இரண்டு கால்களும் வலித்து, காலையில் ஓடி விளையாடினால் அது வளர்ச்சி வலி.

காய்ச்சலோடு ஒரு காலை ஊன்றவே மறுக்கும் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம், கட்டுப் போட வேண்டாம், விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் ஓரிரு நாட்களில் எலும்பின் குருத்தே அழிந்துபோகும். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.