பெயரை ஏன் மீண்டும் கேட்கிறார்கள்?

சுங்கை பினாங்கில் வசிக்கும் லெட்சுமிப் பாட்டி நீரிழிவு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர். ஒரு நாள் பேரன் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். பதிவு முகப்பில் பாட்டியின் பெயரைக் கேட்டார்கள். இரத்தம் எடுக்கும் இடத்திலும் கேட்டார்கள், மருந்தகத்திலும் கேட்டார்கள். “எத்தனை தடவைதான் சொல்வது? நேரம் வீணாகிறதே!” என்று பேரன் சலித்துக்கொண்டான்.

அவனது சலிப்பு இயல்பானதே. ஆனால், “லெட்சுமி” என்று அழைத்தால் காத்திருப்போரில் இருவர் எழுந்து வரக்கூடும். ஒருவரின் மருந்து மற்றவர் கைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே, பெயர், 12 இலக்க அடையாள அட்டை எண் என இரண்டு விவரங்களையாவது ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். “நீங்கள்தானே லெட்சுமி?” என்று கேட்டால், காது மந்தமான முதியவர் கேள்வி விளங்காமலே தலையாட்டிவிடலாம். “உங்கள் பெயர் என்னம்மா?” என்று கேட்டால் அவரே பதில் சொல்ல வேண்டும், தவறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு அறிமுகமான 13 நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளுள், நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதும் ஒன்றாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. 19 கூறுகள் கொண்ட அப்பட்டியலும் நோயாளி யார், அவருக்கு என்ன சிகிச்சை, உடலில் எந்த இடத்தில் என்பதை உறுதிசெய்வதில்தான் தொடங்குகிறது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது.

அப்படியானால் நேரத்தை எங்கே மிச்சப்படுத்துவது? தொடர்ந்து உண்ணும் மருந்துகளை அஞ்சல்வழி பெறலாம். வாகனத்தில் இருந்தபடியே மருந்து வாங்கும் முகப்புகளும் உள்ளன. அவசரப் பிரிவில் நோயின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பதால், உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோர் வரிசையில் காத்திருப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். சரிபார்க்கும் நேரத்தைக் குறைக்கக்கூடாது.

இதில் நோயாளிக்கும் பங்குண்டு. உட்கொள்ளும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதைத் தாதி விளக்கியபோது பேரன் கவனமாகக் கேட்டான். அடுத்த முறை சென்றபோது, கேட்பதற்கு முன்பே பாட்டியின் அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். தாதி அதை வாங்கிக்கொண்டு, பாட்டியைப் பார்த்துப் புன்னகையுடன் கேட்டார்: “உங்கள் பெயர் என்னம்மா?”