புரொப்பெல்லரில் கயிறு சிக்கினால்

பாய்மரப் படகுகள் பலவற்றில் துணைக்கு டீசல் எஞ்சினும் உண்டு. நியூட்ரலில் சீராக ஓடும் எஞ்சின், கியர் போட்டவுடன் அதிர்ந்து நின்றுவிட்டால், புரொப்பெல்லரில் கயிறோ வலையோ சுற்றியிருக்கிறது என ஐயுறலாம். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் தகாது. இயற்பியல் பயிலும் நான் இதற்குக் காணும் காரணம் உராய்வு வெப்பம். அதில் நைலான் உருகித் தண்டோடு இறுகிவிடும்.

முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பாய் விரித்தோ நங்கூரமிட்டோ படகு கரையில் மோதாமல் காக்க வேண்டும். கயிற்றின் நுனி கைக்கு எட்டினால், ஒருவர் மெல்ல இழுக்க, மற்றவர் தண்டை எதிர்த்திசையில் கையால் திருப்பலாம். வராவிட்டால், அமைதியான நீரில் மட்டுமே, பல்லுள்ள கத்தியுடன் மூழ்கி அறுக்கலாம். மேலே ஒருவர் காவல் இருத்தல் வேண்டும். அலையில் ஏறியிறங்கும் படகின் பின்புறம் தலையில் மோதினால் உயிரே போகும்.

எஞ்சின் நின்றாலும் பாய் இருக்கிறது. ஆதலால் அவசரம் வேண்டா என்பதே நான் கூற விரும்புவது.