ஐஸ் வைத்தால் கம்ப்யூட்டர் குளிருமா? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

சென்ற மே மாதம் கம்பைநல்லூரிலிருந்து என் சித்தப்பா மகன் போன் செய்தான். அங்கே சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாண ஆல்பம் வேலைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணா, மத்தியானம் ஆனா தானாவே ஆஃப் ஆயிடுதுண்ணா. மேல ஐஸ் வெச்சுப் பாக்கட்டுமா?" என்றான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒரு காரில் பந்தயத்துக்கு முன்னால் ஐஸ் கொட்டுவதை வீடியோவில் பார்த்தானாம். கார் இன்ஜினுக்கு நல்லது செய்வது கம்ப்யூட்டருக்குச் செய்யாதா என்பது அவன் வாதம். "நான் வரும்வரை எதையும் வைக்காதே" என்று சொல்லிவிட்டு, அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எக்ஸெல் பழகுபவர்களுக்கு இது ஒரு பயிற்சியாகவும் இருக்கும்.

முதலில் கார். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் சுழற்சியாலேயே இயங்கும் காற்றழுத்தி. (டர்போ என்பது புகை வெளியேறும் வேகத்தில் சுழல்வது.) காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று, அழுத்தத்துக்குப் பிறகு சுமார் 110 டிகிரிக்குப் போய்விடலாம். சூடான காற்று விரிந்துவிடுவதால் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறையும். அதைத் திரும்பக் குளிர வைப்பதுதான் இன்டர்கூலர். அதே அழுத்தத்தில் 110 டிகிரிக் காற்றை 50 டிகிரிக்கு இறக்கினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 19 சதவீதம் கூடுகிறது. நம் ஊர் டீசல் லாரிகளிலும் டர்போவோடு இன்டர்கூலர் உண்டு. ஆனால் அது காற்றையே காற்றால் குளிர வைப்பது. ஐஸ் கொட்ட அதில் இடம் கிடையாது. தண்ணீரால் குளிர வைக்கும் வகை வேறு. அதில்தான் பந்தயக்காரர்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸைப் போடுகிறார்கள்.

ஏன் ஐஸ்? இதில்தான் விஷயம் இருக்கிறது. இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர வைப்பது முன்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ரேடியேட்டர். வெளிக்காற்று 35 டிகிரி என்றால் அந்தத் தண்ணீர் அதற்குக் கீழே இறங்கவே முடியாது. ஐஸ் போட்டால் அந்தத் தடை உடைகிறது. 2018 டாட்ஜ் டீமன் காரில் ஐஸுக்குப் பதிலாக, ஏசியின் குளிர்ச்சியையே இன்டர்கூலர் தண்ணீருக்குத் திருப்பி விட்டார்கள். நோக்கம் ஒன்றுதான்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே தடை உண்டு. பிராசசர் மேல் ஹீட் சிங்க், அதன் மேல் ஃபேன். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 40 டிகிரி என்றால் கணக்கு 40-லிருந்துதான் தொடங்கும். அப்படியானால் ஐஸ் வைக்க வேண்டியதுதானே? வைத்தால் எத்தனை நேரம் தாங்கும் என்று பார்ப்போம்.

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். முதல் காலத்தில் (ஏ) வரிசையாகப் பெயர்களை அடியுங்கள்: ஐஸ் எடை, ஒரு கிலோவின் வெப்பம், வெப்ப வேகம், நிமிடங்கள். இரண்டாவது காலத்தில் (பி) எண்கள். பி1-ல் 1 என்று அடியுங்கள். ஒரு கிலோ ஐஸ். பி2-ல் 334. ஒரு கிலோ ஐஸ் உருகி முடிய உறிஞ்சும் வெப்பம் இத்தனை கிலோஜூல். பி3-ல் 0.2. தம்பியின் கம்ப்யூட்டர் கடுமையாக வேலை செய்யும்போது 200 வாட், அதாவது 0.2 கிலோவாட் எடுக்கிறது. கம்ப்யூட்டர் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது.

இப்போது பி4 செல்லுக்கு வாருங்கள். சமக்குறி (=) தட்டுங்கள். பி1 செல்லை மவுசால் கிளிக் செய்யுங்கள். நட்சத்திரக் குறி (*) தட்டிவிட்டு பி2-வைக் கிளிக் செய்யுங்கள். பிறகு சாய்கோடு (/), பி3, மறுபடி சாய்கோடு, கடைசியாக 60. என்டர் தட்டுங்கள். சுமார் 27.8 என்று விடை வரும். இருபத்தெட்டு நிமிடம்! அதுவும் எல்லா வெப்பமும் ஐஸுக்குள்ளேயே போகிறது என்று வைத்துக்கொண்டால். பெட்டியின் மேல் வைத்த பைக்குள் அதில் சிறு பங்குதான் போகும். எட்டு மணி நேர வேலைக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று பி1-ஐ மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 17 கிலோவைத் தாண்டும்.

இதே ஷீட்டில் காரையும் போடலாம். சுமார் 400 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 0.3 கிலோ காற்றை இழுக்கும். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி குளிர வைக்க ஒரு கிலோஜூல் எடுக்க வேண்டும். 60 டிகிரி இறக்க 0.3 பெருக்கல் 60, அதாவது 18 கிலோவாட். பி3-ல் 18, பி1-ல் 10 போடுங்கள். பத்துக் கிலோ ஐஸ் மூன்று நிமிடத்தில் காலி. ஆனால் கால் மைல் பந்தயம், 402 மீட்டர், 12 நொடியில் முடிந்துவிடுகிறதே! அதற்கு ஒரு கிலோ ஐஸ்கூட வேண்டாம். அடுத்த ஓட்டத்துக்கு வேறு ஐஸ் போட்டுக் கொள்ளலாம். உங்கள் கம்ப்யூட்டர் 12 நொடிக்காக ஓடுவதில்லை.

சரி, ஐஸ் மலிவுதானே, மாற்றிக்கொண்டே இருக்கிறேன் என்பவர்களுக்கு அடுத்த ஆபத்தைச் சொல்கிறேன். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 23 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளிலும் நீர்த்துளி படியும். இன்டர்கூலர் வெளியே வியர்த்தால் நஷ்டமில்லை. சொட்டிவிட்டுப் போகட்டும். மதர்போர்டில் வியர்த்தால் ஷார்ட் ஆகும். தம்பியின் ஹார்டு டிஸ்கில் பதினான்கு கல்யாணங்களின் படங்கள் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. இதைக் கேட்டதும் எனக்குத்தான் வியர்த்தது.

ஆகவே முதல் வேலையாக, காலை வெயில் ஏறுவதற்கு முன் எல்லாப் படங்களையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்தோம். நீங்களும் பெட்டியைத் திறக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

பிறகு வெப்பத்தைப் பார்த்தோம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போனால் பிராசசரின் வெப்பம் தெரியும். வேலை நடக்கும்போது பார்க்க, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கிக் கொள்ளுங்கள். ஆல்பம் ஓடும்போது 97 டிகிரி காட்டியது. பல பிராசசர்கள் 100-ஐ நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் ஆஃப் ஆகிவிடும். அவன் கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. மேஜையின் கதவு போட்ட அறைக்குள் கேபினட்டை வைத்துப் பூட்டியிருந்தான். தூசி படக் கூடாதாம்! வெளியே வந்த சூடான காற்றையே அது திரும்பத் திரும்ப இழுத்துக் கொண்டிருந்தது. தூசியும் வராமல் இல்லை. ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் கம்பளிபோல அடைத்திருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு பக்கப் பலகையைக் கழற்றினோம். ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதினேன். ஈரத்துணி கூடவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இது முதல் முறை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தம்பியினுடையது காயவில்லை, விட்டுவிட்டேன்.

கேபினட்டை மேஜை மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். அன்று மத்தியானமும் அதே வெயில்தான். அதே ஆல்பத்தை ஓட்டியபோது 76 டிகிரி. ஷீட்டை "ஐஸ் கணக்கு" என்று பெயரிட்டுச் சேமித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போன் செய்தான். கல்யாண வீட்டில் இருநூறு பேர் கூல்டிரிங்ஸுக்கு எத்தனை கிலோ ஐஸ் சொல்ல வேண்டும், பி3-ல் என்ன போடுவது என்று கேட்டான்.