முதலில் வக்கீலாக நில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நிற்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நில், ஆனால் இந்தத் தடவை வேண்டாம் அம்மா. கோர்ட்டில் நீ இன்னும் காலூன்றவில்லை.

நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் 1910-இல் பிறந்த ஆர். வெங்கட்ராமனை எல்லோரும் ஜனாதிபதியாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருஷங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. 1935-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்தவர், 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறைக்குப் போனார். தொழிலாளர் சட்டத்தைக் கையில் எடுத்தார். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வேக்காரர், பத்திரிகைக்காரர் என்று சங்கம் சங்கமாக உழைத்தார். ஜப்பானியருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட 1946-இல் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன வக்கீல்களில் அவரும் ஒருவர். 1949-இல் ‘லேபர் லா ஜர்னல்’ தொடங்கினார். 1952-இல் தஞ்சாவூர்த் தொகுதி லோக்சபாவுக்கு அனுப்பியது, ஒரு துறையைக் கரைத்துக் குடித்த மனிதரை. 1957-இல் மறுபடி ஜெயித்தும் அந்த இடத்தை விட்டுவிட்டு, காமராஜ் மந்திரிசபையில் தொழில், தொழிலாளர் துறைகளை ஏற்க வந்துவிட்டார். தெரிந்த வேலை இருக்கும் இடத்துக்கு வந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உனக்கான துறை நம் வயல்வரப்பிலேயே கிடக்கிறது: குத்தகை. 1952-இல் தஞ்சாவூருக்கென்றே வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-இன் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், மூன்றையும் வரி வரியாகப் படி. வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவனுக்குப் பதிவேட்டில் பெயர் இல்லை. சாகுபடிக் கணக்கான அடங்கலுக்கு அலைகிறான், அது இல்லாமல் பயிர்க் காப்பீடும் கைக்கு எட்டாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையை ஒதுக்கினால், ரோட்டிலேயே நெல்லைக் கொட்டி, மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டே காலால் துழாவி நிற்கிறார்களே, அவர்களுக்குச் சட்டம் பேச எத்தனை பேர் இருக்கிறோம்?

மனு தாக்கல் செய்யுமுன் கட்சிக்காரருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டு. நிலக்காரர் பெரிய மனிதர் என்பதற்காக எந்தக் கேஸையும் திருப்பி அனுப்பாதே. அப்படி அனுப்பவைக்கும் கட்சிப் பதவி எதையும் இப்போது ஏற்காதே.

வருவாய் நீதிமன்றத்தில் குத்தகை வழக்கு நடத்தும் சீனியர் ஒருவரிடம் உன்னைப்பற்றிச் சொல்லியிருக்கிறேன். தை அறுவடை முடிந்ததும் வா, அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா