ஆறு மாத இன்டர்ன்ஷிப் யாருக்கு?

கணினிப் பொறியியலில் மூன்றாம் ஆண்டை முடிக்கும் மாணவர் முன்னால் இன்று நாலைந்து வழிகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் போகலாம். எட்டாம் செமஸ்டர் முழுவதையும் ஒரு நிறுவனத்தில் கழிக்கலாம். வீட்டிலிருந்தபடியே ஒரு திறமூல மென்பொருள் குழுவுக்கு வேலை செய்யலாம். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டு அப்ரண்டிஸாகவும் சேரலாம். எதைத் தேர்வது என்று சீனியர்களைக் கேட்டால், நிறுவனத்தின் பெயரும் மாத உதவித்தொகையும்தான் பதிலாக வருகின்றன. அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நீங்கள் எழுதும் நிரலை அனுபவமுள்ள ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். அது பயனரிடம் போய்ச் சேர வேண்டும். அங்கே அது பழுதானால் நீங்களே திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சுற்று முழுவதும் ஒருமுறையாவது நடந்து முடிய அந்தப் பயிற்சியில் காலமும் ஆளும் இருக்கின்றனவா? இதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

இந்தச் சுற்றுக்கு ஏன் இவ்வளவு எடை? கல்லூரி ஆய்வகத்தில் எழுதப்படும் நிரலுக்கு ஆயுள் மிகக் குறைவு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்ததும் அதன் கதை முடிந்துவிடும். எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதைப் படிப்பதில்லை, மறு ஆண்டு அதை யாரும் மாற்றப் போவதுமில்லை. தொழிலில் நிலைமை தலைகீழ். ஒரு மென்பொருளின் வாழ்நாள் செலவில் பெரும்பகுதி அதை முதலில் எழுதுவதில் ஆவதில்லை. பிறகு ஆண்டுக்கணக்கில் பழுது நீக்கி, புதிய தேவைகளுக்கேற்ப மாற்றி, ஓட வைத்துக்கொண்டிருப்பதில்தான் ஆகிறது. ஆகவே நாலு ஆண்டுப் பாடத்திட்டம் தொடாமல் விடுவது, பிறர் எழுதிய பெரிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலையைத்தான். அது ஒரு வாரத்தில் வருவதில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 இயங்குதள உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில் சொன்ன ஒரு கருத்து இங்கே பொருந்தும். தாமதமாகிக் கொண்டிருக்கும் மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்றார் அவர். புதியவர் வேலையைப் பழகிக்கொள்ள நாளாகும். அவருக்குக் கற்றுத்தர, வேலை தெரிந்தவரின் நேரமும் போகும். சம்பளம் வாங்கும் பொறியாளருக்கே இந்த நிலை என்றால், முதல்முறை அலுவலகம் வரும் மாணவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பின் பலமும் பலவீனமும் இதிலிருந்தே விளங்கும். எட்டு வாரத்தில் போய்விடும் ஒருவரை உண்மையான அமைப்பின் உள்ளே விட எந்த டீம் லீடும் தயங்குவார். அதனால் தனியாகக் கழற்றி வைக்கக்கூடிய சிறு வேலை ஒன்றைக் கொடுப்பார்கள்: ஒரு டேஷ்போர்டு, ஒரு உள் பயன்பாட்டுக் கருவி, ஒரு மாதிரி வடிவம். கடைசி வாரத்தில் மாணவர் அதைச் செய்துகாட்டுவார், பாராட்டும் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த நிரலுக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது. இது வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தத் துறை தனக்குப் பிடிக்கிறது என்று அறியவும், அலுவலக நடைமுறையைப் பார்க்கவும், பெரிய நிறுவனங்களில் பி.பி.ஓ. எனும் முன்கூட்டிய வேலை வாய்ப்பைப் பெறவும் அது நல்ல வாசல். ஆனால் தொழில் கற்பதற்கு அது போதாது.

தொழிற்பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை நேரில் ஆராய்ந்தவர்களில் மானிடவியலாளர் ஜீன் லேவ் முக்கியமானவர். லைபீரியாவின் தையற்காரர்களிடம் பழகும் பையன்கள் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை என்று அவர் கண்டார். பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று முடிக்கும் வேலைகளில்தான் தொடங்குகிறார்கள். முடிந்த உடையின் வடிவம் மனத்தில் பதிந்த பிறகே தையலுக்கும், கடைசியாக வெட்டுக்கும் வருகிறார்கள். பிழை செய்தால் அதிக நட்டம் வரும் வேலை கடைசியில் வருகிறது. எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991இல் வெளியிட்ட நூலில், ஒரு தொழிற்குழுவின் ஓரத்தில் உண்மையான சிறு பங்கேற்பாகத் தொடங்கி மெல்ல நடுவுக்கு நகர்வதே கற்றல் என்று அவர் வாதிட்டார். மென்பொருளிலும் நல்ல குழுக்கள் இப்படித்தான் செய்கின்றன. முதலில் சோதனை எழுதுவது, சிறிய பக் ஒன்றைச் சரிசெய்வது; பிறகு ஒரு சிறு அம்சத்தைச் சேர்ப்பது; அதற்கும் பிறகே வடிவமைப்புப் பேச்சில் இடம். ஓரத்திலிருந்து நகர்வதற்கே இரண்டு மூன்று மாதம் போய்விடும். ஐந்தாறு மாதம் இருப்பவருக்கு மட்டுமே அடுத்த கட்டம் கிடைக்கிறது.

உலகில் இதைத் திட்டமிட்டுச் செய்யும் பல்கலைக்கழகங்கள் கால அளவைக் குறைத்ததில்லை. கனடாவில் 1957இல் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் நான்கு மாதம் படித்து நான்கு மாதம் வேலை செய்கிறார். ஐந்தாண்டில் ஆறு பணிப் பருவங்கள் வரை வருகின்றன. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரட்டைக் கல்வி முறை ஏறக்குறைய மூன்று மாதத்துக்கொரு முறை வகுப்பும் நிறுவனமுமாக மாறி மாறி நடக்கிறது. இந்தியாவில் பிட்ஸ் பிலானி 1973இல் தொடங்கிய ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ இரண்டாம் ஆண்டு முடிவில் சுமார் இரண்டு மாதம், இறுதியாண்டில் ஐந்தரை மாதம் என்று இரு படியாக அமைந்தது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களுக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி உண்டு. அதை முடித்துத் திரும்பி வந்து இறுதியாண்டைப் படிக்கிறார்கள்.

இவற்றில் நம் மாணவர்கள் கவனிக்கத் தவறுவது ‘திரும்பி வருதல்’. தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் இல்லாததால் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆவதை அலுவலகத்தில் கண்டவர், அடுத்த செமஸ்டரில் பி-ட்ரீ பாடத்தைக் கேட்கும் விதமே வேறாக இருக்கும். இரண்டு திரெட்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றியதால் வந்த பிழையைத் தேடி இரவு முழுதும் உட்கார்ந்தவருக்கு, இயங்குதளப் பாடத்தின் செமஃபோர் தேர்வுக்கான வரையறையாக மட்டும் நிற்காது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எட்டாம் செமஸ்டரில் புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்புக்கு 10 கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள். நீண்ட பயிற்சிக்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது நல்லது. ஆனால் அது கடைசியில் இருப்பதால் திரும்பி வர வகுப்பு இல்லை. ஆகவே நம் சூழலில் சிறந்த வழி இரண்டையும் சேர்ப்பதுதான்: நான்காம் அல்லது ஆறாம் செமஸ்டர் விடுமுறையில் ஒரு குறும்பயிற்சி, எட்டாம் செமஸ்டரில் நீண்ட பயிற்சி. ஒன்றுக்குத்தான் வழி என்றால் நீண்டதையே தேர்ந்தெடுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதிகள் வேறுபடும். துறைத் தலைவரிடம் ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மாற்று வழிகளில் நான் மிக மதிப்பது திறமூலப் பணியை. கூகுள் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் 175 மணி நேரப் பணியும் 350 மணி நேரப் பணியும் உண்டு, குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும், உதவித்தொகையும் உண்டு. மணிக்கணக்கில் பார்த்தால் இது குறும்பயிற்சிதான். ஆனாலும் நான் முதலில் சொன்ன அளவுகோலில் பல நீண்ட பயிற்சிகளை இது வெல்லும். நிரல் பொதுவெளியில் இருக்கும், மெய்யான பயனர்கள் இருப்பார்கள், வழிகாட்டியின் விமர்சனம் ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் கிடைக்கும், திட்டம் முடிந்த பிறகும் யாரும் வாசலை அடைப்பதில்லை. திண்டுக்கல்லில் படிக்கும் மாணவி சென்னையில் அறை தேடாமலே இதைச் செய்யலாம். தேர்வாவது கடினம் என்பது உண்மை. தேர்வாகாவிட்டாலும், அதற்காக மூன்று மாதம் முன்பிருந்தே அனுப்பிய திருத்தங்கள் உங்கள் பெயரில் நிற்கும். மேற்படிப்பு, ஆய்வு என்று உறுதியாக இருப்பவருக்குக் கணக்கு வேறு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் மே முதல் ஜூலை வரை நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஃபெலோஷிப் போன்றவை அவருக்கு எந்த நிறுவனத்தின் ஆறு மாதத்தைவிடவும் பயன்படும்.

அப்ரண்டிஸ் முறையைப் பற்றிக் குழப்பம் நிறைய இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நடக்கும் ஓராண்டுப் பட்டதாரிப் பயிற்சி, பட்டம் பெற்றவர்களுக்கானது. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இந்தப் பயிற்சியைக் கவனிக்கும் தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் அப்போது 12 மாத காலத்துக்குரியதாக இருந்தது. உதவித்தொகை அப்போது மாதம் 5,000 ரூபாய். முழுநேரக் கல்வியில் இருப்பவர்களுக்கு இல்லை என்பது அது தொடங்கியபோது வகுத்த விதி. வேலை கிடைக்காமல் நிற்கும் பட்டதாரிக்கு இவை உதவும். இளநிலை மாணவருடைய தேர்வுப் பட்டியலில் இவற்றைச் சேர்ப்பதில் பொருளில்லை.

நீண்ட பயிற்சிக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, அது மலிவான உழைப்பு என்பது. இதை நான் ஏற்கிறேன். ஆறு மாதம் சோதனைப் படிவங்களை நிரப்ப வைத்து, முழுநேர ஊழியர் செய்ய வேண்டியதைக் கால் சம்பளத்தில் வாங்கிக்கொண்டு அனுப்பும் இடங்கள் உண்டு. கால நீளம் தானாக எதையும் கற்றுத்தராது. படித்துத் திருத்தும் ஆள் இல்லாத ஆறு மாதத்தைவிட, இருக்கும் இரண்டு மாதம் மேல். அதனால்தான் என் அளவுகோலில் காலத்துடன் ஆளையும் சேர்த்தேன். அடுத்த தடை பணம். முதல் தலைமுறைப் பட்டதாரியின் குடும்பத்துக்குச் சென்னை, பெங்களூரு விடுதி வாடகையும் சாப்பாடும் பெரும் சுமை. உதவித்தொகை இவற்றுக்குப் போதவில்லை என்றால், கடன் வாங்கிப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. சொந்த ஊருக்கு அருகில் நிறுவனம் ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். தென்காசி பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் சோஹோ பல ஆண்டுகளாக இயங்குகிறது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் மென்பொருள் நிறுவனங்கள் உள்ளன. சிறிய இடத்தில் நேரடியாகப் பொறுப்பு கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். கேட் தேர்வைக் காரணம் காட்டுவோரும் உண்டு. அது பிப்ரவரியில் வருவதால் எட்டாம் செமஸ்டரின் முதல் வாரங்களோடு மோதும். மூன்றாம் ஆண்டிலேயே எழுத அனுமதி இருப்பதைப் பயன்படுத்தினால் இந்த மோதல் குறையும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் புதியவர் செய்யும் நிரல்களை நொடியில் எழுதித் தரும்போது இன்டர்ன்ஷிப்பே எதற்கு என்ற கேள்வி இப்போது பரவலாகக் கேட்கிறது. என் கணிப்பில் இது குறும்பயிற்சியின் மதிப்பைத்தான் முதலில் குறைக்கும். எட்டு வாரத்தில் மாணவர் செய்யும் டேஷ்போர்டை அந்தக் கருவிகள் இப்போதே செய்கின்றன. ஆனால் கருவி எழுதியது சரியா, இந்த அமைப்பில் எங்கே உடையும், உடைந்தால் எந்தப் பதிவில் தேடுவது என்ற தீர்ப்பு, உடைந்ததைப் பலமுறை பார்த்தவருக்கே வரும். பார்க்கக் காலம் வேண்டும்.

எனவே ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் குழுவில் சேர்ப்பீர்கள், என் நிரலை யார் ரிவ்யூ செய்வார், அது புரொடக்‌ஷனுக்குப் போகுமா, உதவித்தொகை எவ்வளவு, பாண்ட் உண்டா? ரிவ்யூ செய்பவர் யார் என்று சொல்லத் தெரியாத இடத்துக்கு ஆறு மாதத்தைக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பயிற்சிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று எந்தப் பெயரில் உங்களிடம் பணம் கேட்டாலும் அது இன்டர்ன்ஷிப் கிடையாது, சேர வேண்டாம்.