விளம்பரத்திற்கும் கணக்கு உண்டு

இன்று கிராமத்துத் தேநீர்க் கடையிலும், சந்தையில் காய்கறி விற்கும் அம்மையாரின் தராசு அருகிலும், கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் நிறைந்த அட்டை ஒன்றைக் காண்கிறோம். அதுவே கியூஆர் குறியீடு. பணம் செலுத்த உதவும் சாதனமாகவே பெரும்பாலோர் அதனை அறிவர். ஆயினும், இணையத்தில் கடை நடத்தும் மகளிர் குழுக்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அது மற்றொரு நற்பணியும் ஆற்ற வல்லது. வாடிக்கையாளர் எந்த விளம்பரத்தைக் கண்டு கடைக்கு வந்தார் என்பதை அதன் வாயிலாக அறியலாம். அதற்குரிய முறையை இங்கு ஆராய்வோம்.

குறியீட்டின் இயல்பு

இக்குறியீடு 1994-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் தோன்றியது. டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் மோட்டார் வாகன உறுப்புகளைத் தொழிற்சாலையில் இனங்கண்டு கணக்கிடுவதற்காக இதனை உருவாக்கினர். மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள், குறியீடு எந்தத் திசையில் இருப்பினும் கருவி அதனைப் படிக்கத் துணை செய்கின்றன.

ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். குறியீடு தானாக எதையும் எண்ணுவதில்லை. கடையின் இணைய முகவரி கட்டங்களாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. வருவோரை எண்ணுவது கடையின் பக்கத்தில் உள்ள கணக்கீட்டு மென்பொருளின் வேலை. எனவே எல்லா இடங்களிலும் ஒரே குறியீட்டை அச்சிட்டால், வருவோர் அனைவரும் ஒரே வழியாக வந்தவர்களாகவே தோன்றுவர். மூன்று வாய்க்கால்களின் நீர் ஏரியில் கலந்த பிறகு, எந்த வாய்க்கால் எவ்வளவு கொணர்ந்தது என்று கூற இயலுமா? வாய்க்காலின் தலைப்பிலேயே அளக்க வேண்டும்.

அடையாளச் சொற்கள்

இக்கருத்து புதியதன்று. தபால் வழியாகப் பொருள் விற்ற முற்கால வணிகர்கள், ஒவ்வொரு பத்திரிகை விளம்பரத்திலும் முகவரியோடு வெவ்வேறு எண்ணைச் சேர்த்து அச்சிட்டனர். வந்த கடிதத்தில் உள்ள எண்ணைக் கொண்டு எந்தப் பத்திரிகை பயன் தந்தது என்று அறிந்தனர். அதனையே இன்று இணைய முகவரியில் செய்கிறோம்.

கடையின் முகவரிக்குப் பின் ஒரு கேள்விக்குறி இட்டு, மூன்று அடையாளங்களைச் சேர்க்கலாம். முதலாவது, விளம்பரம் இருந்த இடம். இரண்டாவது, அதன் வகை. மூன்றாவது, எந்தப் பருவத்து விற்பனை என்பது. இவற்றை யுடிஎம் குறிகள் என்பர். கூகுள் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் வாங்கிய அர்ச்சின் என்னும் நிறுவனத்தின் பெயரால் இவை வழங்குகின்றன. கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இக்குறிகளைப் படித்து, வருகையை வகைப்படுத்திக் காட்டும்.

அடையாளச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே எழுதுதல் நன்று. ஒரு முறை பேரெழுத்தும் மறுமுறை சிற்றெழுத்தும் இட்டால், ஒரே பேருந்து நிலையம் கணக்கில் இரண்டாகிவிடும். சொற்கள் சுருக்கமாகவும் இருக்கட்டும். முகவரி நீள நீளக் கட்டங்கள் நெருங்கும், படிப்பது கடினமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

கருப்பட்டி விற்கும் ஒரு குழு பொங்கலுக்கு மூவகை விளம்பரம் செய்வதாகக் கொள்வோம். சிப்பத்தின் மேல் ஒட்டும் சீட்டுக்கு 900 ரூபாய், துண்டுப் பிரசுரத்திற்கு 2,400 ரூபாய், பேருந்து நிலையச் சுவரொட்டிக்கு 3,000 ரூபாய் செலவு. ஒவ்வொரு விற்பனைக்கும் விளம்பரச் செலவு நீங்கலாக 200 ரூபாய் மிஞ்சும் என்க.

சீட்டின் வழியாக 90 பேர் வந்து 30 பேர் வாங்கினர். பிரசுரத்தின் வழியாக 150 பேர் வந்து 15 பேர் வாங்கினர். சுவரொட்டியின் வழியாக 300 பேர் வந்து 6 பேரே வாங்கினர். மொத்தத்தில் 51 விற்பனை. 10,200 ரூபாய் வரவு. 6,300 ரூபாய் செலவு. 3,900 ரூபாய் இலாபம். குழுவினர் மகிழ்ந்து அடுத்த ஆண்டும் அவ்வாறே செலவிடுவர். ஆனால் பிரித்துப் பார்த்தால், சீட்டு 5,100 ரூபாயும் பிரசுரம் 600 ரூபாயும் ஈட்டியிருக்க, சுவரொட்டியோ 1,800 ரூபாயை விழுங்கியிருக்கிறது. வருகையை மட்டும் எண்ணியிருந்தால், அதே சுவரொட்டிதான் முதற்பரிசு பெற்றிருக்கும்! ஆதலின் எத்தனை பேர் பார்த்தனர் என்பதைவிட, எத்தனை பேர் வாங்கினர் என்பதே முக்கியம்.

இருப்பினும் அவசரத் தீர்ப்பு கூடாது. சீட்டைப் பார்ப்பவர் முன்னரே நம் பொருளை வாங்கியவர். சுவரொட்டியைப் பார்ப்பவரோ புதியவர். பெயரை நினைவில் வைத்துப் பின்னர் வேறு வழியாக வந்து வாங்குவோர் இக்கணக்கில் சேரார். ஆறு விற்பனை என்பதும் சிறிய எண்ணே. இரண்டு மூன்று பருவங்கள் பார்த்த பின் முடிவு செய்தல் நலம்.

கவனிக்க வேண்டியவை

அச்சிடுமுன் இரண்டு மூன்று கைபேசிகளில் சோதித்துப் பாருங்கள். குறியீட்டைச் சுற்றி வெற்றிடம் இருத்தல் வேண்டும். வெளிர் நிறத் தாளில் அடர்ந்த நிறக் கட்டங்களே ஏற்றவை.

பணம் செலுத்தும் செயலிகள் பல இக்குறியீட்டை ஏற்பதில்லை. எனவே, ‘பொருள்களைக் காண, கைபேசிக் கேமராவில் பார்க்கவும்’ என்று அதன் கீழ் அச்சிடுங்கள்.

பிறர் நடத்தும் சேவை வழியாகத் திருப்பி அனுப்பப்படும் குறியீடுகளும் உள்ளன. அச்சிட்ட பின்னும் முகவரியை மாற்றலாம் என்பது அவற்றின் நன்மை. ஆனால் சந்தா முடிந்தால் அவை செயலிழக்கக் கூடும். அப்போது அச்சிட்ட ஆயிரம் சீட்டுகளும் வீணாகும். கடையின் சொந்த முகவரியையே குறியீடாக்குதல் பாதுகாப்பானது.

கடையின் மென்பொருள் இவ்வகைக் கணக்கைக் காட்டவில்லையெனில் கவலை வேண்டா. ஒவ்வொரு விளம்பரத்திலும் வெவ்வேறு தள்ளுபடிச் சொல்லை அச்சிடுங்கள். வாங்குவோர் இடும் சொல்லே வந்த வழியைக் காட்டிவிடும்.

வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் என்று அறிவது வணிகம். தேவைக்கு மேல் அவருடைய சொந்தச் செய்திகளைத் திரட்டுவது முறையன்று.

சேமிப்பும் கடனும் குழுவின் பேரேட்டில் ஏறுகின்றன. விளம்பரச் செலவும் உறுப்பினர்களின் உழைப்பில் விளைந்த பணமே. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடம், செலவு, வருகை, விற்பனை என்று நான்கு பத்திகள் வரைந்து, வரும் பருவத்திலேயே எழுதத் தொடங்குவோமாக.