பேயைப் படம் பிடிக்கும் கேம்: உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

"புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்கோம்ணே. பேயை போட்டோ எடுக்குற கேம் இருக்காமே, நம்ம வீட்ல ஓடுமா?" வில்லாபுரத்தில் எங்கள் தெரு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய அனைவருக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகப் பார்ப்போம்.

அவர் கேட்டது ஃபேட்டல் பிரேம் என்ற ஜப்பானிய கேம். ஜப்பானில் இதன் பெயர் ஸீரோ. ஐரோப்பாவில் புராஜெக்ட் ஸீரோ. டெக்மோ நிறுவனம் 2001 டிசம்பரில் முதல் பாகத்தை பிளேஸ்டேஷன் 2 சாதனத்துக்காக வெளியிட்டது. காணாமல் போன அண்ணனைத் தேடி, மிகு என்ற பெண் பாழடைந்த மாளிகைக்குள் நுழைவதுதான் கதை.

இதில் துப்பாக்கி, கத்தி எதுவும் கிடையாது. கையில் இருப்பது ஒரு பழைய கேமரா மட்டுமே. பேயைப் படம் எடுத்தால் அதன் சக்தி குறையும். தூரத்தில் இருந்து எடுத்தால் பலன் குறைவு. அருகில் வரவிட்டு, அது பாயும் அந்த நொடியில் பட்டனைத் தட்டினால் பலன் மிக அதிகம். பயந்து ஓடினால் ஜெயிக்க முடியாது. பயத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நல்ல பிலிம் குறைவாகவே கிடைக்கும் என்பதால் கண்டபடி சுடவும் முடியாது.

இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டரின் திறன் முக்கியமாகிறது. படம் திக்கித் திக்கி ஓடினால் அந்த ஒரு நொடி தவறிவிடும். பேய் ஜெயித்துவிடும்!

பிளேஸ்டேஷன் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் போட்டால் நேரடியாக ஓடாது. ஐந்தாம் பாகம் 2021-லும், நான்காம் பாகம் 2023-லும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்காக ஸ்டீம் தளத்தில் வெளியாயின. வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்யவும்.

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் திறக்கும்.

2. அதில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குச் செல்லவும். சிபியு என்பதில் புராசசரின் பெயர், மெமரி என்பதில் ரேம் அளவு, ஜிபியு என்பதில் கிராபிக்ஸ் கார்டின் பெயர் தெரியும். மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும்.

3. ஸ்டீம் தளத்தில் கேமின் பக்கத்துக்குக் கீழே சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ் என்ற பட்டியல் இருக்கும். மினிமம் என்பது ஓடுவதற்கான குறைந்தபட்சத் தேவை. ரெகமெண்டட் என்பது நன்றாக ஓடுவதற்கானது. இந்த கேமுக்கு இரண்டாவதையே பாருங்கள்.

4. டிஸ்க்கில் காலி இடம் போதுமா என்றும் பார்க்கவும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பில் பெரும்பாலும் தடுமாறும். வாங்கிய பிறகு ஓடவில்லை என்றால் கவலை வேண்டாம். 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

யாரோ பென் டிரைவில் தரும் 'இலவச' நகலை மட்டும் ஏற்றாதீர்கள். கேமோடு வைரஸும் வந்து, உங்கள் குடும்பப் போட்டோக்களும் பாஸ்வேர்டுகளும் பறிபோகலாம்.

பெற்றோர் கவனத்துக்கு: அமெரிக்கத் தரச்சான்றில் ஐந்தாம் பாகம் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. தற்கொலை, நரபலி போன்ற காட்சிகள் உண்டு. சிறுவர்களுக்கு வேண்டாம்.